கொல்லைப்பக்கம் ஒரு குளம்... மார்கழிக்கு ஒரு போர்வை!

ஹாஸ்டல் ஜன்னல்ல ஹார்லிக்ஸ் பாட்டில் வெச்சு, அதுக்குள்ள ஒரே ஒரு ஃபைட்டர் மீனை வளர்த்துட்டு, ‘நான் பெரிய மீன் பார்ட்டி’ன்னு சொல்லிட்டுத் திரியற ஆளா நீங்க? உட்காருங்க பாஸ், இந்த வாரம் உங்களுக்குத்தான்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்க. சேத்தியாத்தோப்போ, புவனகிரியோ, ஸ்ரீமுஷ்ணமோ... வீட்டுக்குப் பின்னாடி துணி காயப்போடுற கொடிக்கும் வாழை மரத்துக்கும் நடுவுல பத்தடிக்கு ஆறடி இடம் சும்மாதான் கிடக்கு. அதுல ஒரு குட்டிக் குளம் வெட்டி, கப்பி, மோலி, பிளாட்டின்னு கலர் கலரா விட்டா எப்படி இருக்கும்? அள்ளும்! ஆனா ‘வெப்ப மண்டல மீன் குளம் அமைப்பது எப்படி’ன்னு யூ டியூப்ல தேடினா, முதல்ல வர்றது பாதிக்குமேல வெள்ளைக்காரர் வீடியோ. வெளியில பனி கொட்டும். அவர் குளத்துக்கு கேஸ் பாய்லர், எலெக்ட்ரிக் ஹீட்டர், கண்ணாடிக் கூரைன்னு அடுக்கிட்டே போவார். அதைப் பார்த்து மிரண்டு, ‘இதெல்லாம் நமக்கு ஆகாதுப்பா’ன்னு லேப்டாப்பை மூடினவங்க ஒரு குரூப். ‘நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டரா? போய்யா’ன்னு அலட்சியமா மீனை விட்டு, தை மாசம் காலையில மிதக்கிற மீனை வலை போட்டு எடுத்தவங்க இன்னொரு குரூப்.

ரெண்டு குரூப்புக்கும் நடுவுல இருக்கு விஷயம். நம்ம பக்கம் குளத்துக்குச் சூடு தேவைதான். வருஷத்துல அறுபது, எழுபது ராத்திரிக்கு மட்டும். அந்தச் சூட்டைக் கடையில வாங்க வேண்டியதில்லை. பகல்ல வெயில் இலவசமா கொடுத்துட்டுப் போறதை ராத்திரி ஓடிப்போகாம பிடிச்சு வெச்சா போதும்.

மீனுக்கு எது பிரச்னை?

கப்பியோட பூர்வீகம் டிரினிடாட், வெனிசுலா பக்கம். மோலிக்கு மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா. இவங்களுக்கெல்லாம் 24-லிருந்து 28 டிகிரி செல்சியஸ் தண்ணின்னா சுகவாசம். கடலூர் மாவட்டத்துல ஜனவரி விடியற்காலையில காத்து 20 டிகிரியை ஒட்டி இறங்கும், சில நாள் அதுக்கும் கீழே. ‘நாலு டிகிரிதானே கம்மி’ன்னு நினைக்காதீங்க. அரையடி ஆழத் தொட்டியில மத்தியானம் 30 டிகிரி, விடியற்காலை 21 டிகிரின்னு தினமும் ஊஞ்சல் ஆடினா, அந்த ஆட்டம்தான் மீனைச் சாய்க்கிறது. நம்மளை மாதிரி உடம்புச் சூட்டைத் தானே வெச்சுக்கிற ஜீவன் இல்லை மீன். தண்ணி என்ன சூடோ அதுதான் அதோட சூடு. குளிர்ந்தா ஜீரணம் மந்தமாகும், எதிர்ப்புச் சக்தி இறங்கும். அந்த கேப்புல வந்து ஒட்டிக்கும் வெள்ளைப்புள்ளி நோய். உடம்பு முழுக்க உப்புத் தூவின மாதிரி புள்ளி, செதிலைக் கல்லுல போய் உரசும். ஒரு ஒட்டுண்ணியோட வேலை அது. ஒரு மீன்ல பார்த்துட்டு ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’னு விட்டா, அந்த வாரக் கடைசியில குளமே காலி.

ஐப்பசி, கார்த்திகை மழையும் இதே வேலையைச் செய்யும். வெதுவெதுப்பா இருக்கிற ஆழம் குறைஞ்ச தொட்டியில திடீர்னு குளிர்ந்த மழை கொட்டினா மீனுக்கு ஷாக்தான்.

மண்பானை பாடம்

நம்ம பக்கத்துல விருத்தாசலம்னாலே பீங்கான் பொம்மை, அகல் விளக்கு, ஜாடி. பீங்கான் தொழிலைப் படிக்கறதுக்குன்னே அங்கே அரசு கல்வி நிறுவனம் இருக்கு. அந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க, கிளேஸ் போடாத மண்பானையில தண்ணி ஏன் ஜில்லுன்னு இருக்குன்னு. பானை கசியுது, கசிஞ்சது ஆவியாகுது, ஆவியாகிறப்போ உள்ளே இருக்கிற தண்ணியோட சூட்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போகுது. கிளேஸ் பூசின ஜாடியில கசிவு இல்லை, அதனால ஜில்லும் இல்லை.

உங்க குளமும் வாய் திறந்த பெரிய மண்பானைதான். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? (கணக்குன்னதும் பக்கத்தைத் திருப்பாதீங்க, ப்ளீஸ்.) பத்தடி நீளம், ஆறடி அகலம், மூணடி ஆழம்னா சுமார் 5,000 லிட்டர். இந்தத் தண்ணியை ஒரே ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 5.8 யூனிட் கரண்ட் வேணும். அஞ்சு டிகிரி ஏத்தணும்னா 29 யூனிட். தமிழ்நாட்டுல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலாவது ராத்திரியே அது காலி! அப்புறம் அப்பா கையில பில்லும், உங்க கையில துடைப்பமும்.

இப்போ அடுத்த பக்கம் பாருங்க. அதே குளத்துல ஒரு குடம் தண்ணி, அதாவது ஒரு 15 லிட்டர், ஆவியாப் போனா பத்து யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு அதோட போயிடும். மொத்தமும் குளத்திலிருந்தே போச்சுன்னா, ஒன்றே முக்கால் டிகிரி இறங்கும். ஹீட்டர் போட்டுக் கஷ்டப்பட்டு ஏத்தறதை விட, அந்த ஒரு குடத்தை ஆவியாக விடாம மேல ஒரு மூடி போடறது எவ்வளவு சீப்!

‘அடுப்புல வெந்நி போட்டு ஊத்திடலாமே’ன்னு ஒரு பாட்டி கண்டிப்பா சொல்வாங்க. 200 லிட்டர் டிரம் நிறைய 60 டிகிரி வெந்நீரை ஊத்தினாலும் 5,000 லிட்டர் குளம் ஒன்றரை டிகிரிகூட ஏறாது. ஊத்தின இடத்துல நின்ன மீன் மட்டும் குழம்பு வாசனை அடிக்கும்.

மூணு பக்கெட் பரீட்சை

மண்வெட்டியைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன பிராக்டிகல். ரெக்கார்டு நோட் எல்லாம் வேண்டாம், ஒரு தெர்மாமீட்டர் போதும். அக்வாரியம் கடையிலேயே கிடைக்கும். ஒரே சைஸ் பக்கெட் மூணு எடுங்க. ஒண்ணைத் தரையில திறந்து வையுங்க. ரெண்டாவதுக்குச் சாயந்திரம் மட்டும் பாலிதீன் மூடி போடுங்க. மூணாவதைக் கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சு, அதையும் சாயந்திரம் மூடுங்க. பத்து நாளைக்கு, காலை ஆறு மணிக்கும் மத்தியானம் மூணு மணிக்கும் அளந்து எழுதுங்க. மார்கழியில செஞ்சா இன்னும் நல்லது. திறந்த பக்கெட் அதிகமா ஊஞ்சல் ஆடும், புதைச்ச பக்கெட் அமைதியா உட்கார்ந்திருக்கும். எவ்வளவு வித்தியாசம்னு உங்க கொல்லையோட நம்பரே சொல்லிடும்.

காரணம் மண். சில அடி ஆழத்துக்குக் கீழே மண்ணோட சூடு வருஷம் பூரா பெரிசா மாறாது. மார்கழி காலையில கிணத்துத் தண்ணி வெதுவெதுன்னும், சித்திரையில அதே தண்ணி ஜில்லுன்னும் இருக்கறது இதனாலதான். தண்ணி மாறலை, நம்ம தோல்தான் மாறியிருக்கு. பூமிக்குள்ள இறங்கின குளம் குளிர்ல மண்கிட்ட சூடு கடன் வாங்கும், கோடையில திருப்பிக் கொடுக்கும். வட்டி கிடையாது.

எவ்வளவு தோண்டலாம்?

இங்கேதான் நம்ம ஊர் சிக்கல். ஒரு பக்கம் வெள்ளாறு, இன்னொரு பக்கம் வீராணம் ஏரி, சுத்தி வாய்க்கால். தாழ்வான கொல்லைகள்ல கார்த்திகையில ரெண்டடி தோண்டினாலே ஊத்து எட்டிப் பார்க்கும். முழுக்க மூணடியும் பள்ளமா வெட்டி ஷீட் விரிச்சீங்கன்னா, மழைக்காலத்துல கீழேயிருந்து தண்ணி முட்டி ஷீட்டை அப்படியே பலூன் மாதிரி தூக்கிடும். அதனால பாதிக்குப் பாதி: ஒன்றரை அடி பள்ளம், தோண்டின மண்ணையே அணைச்சு ஒன்றரை அடி கரை. மேட்டு நிலம்னா தாராளமா ரெண்டரை அடி வரைக்கும் இறங்கலாம். கரை மேடா இருக்கறதுல இன்னொரு லாபம், தெருவுல ஓடற மழைத் தண்ணி உள்ளே வராது.

அடியில கல், வேர், கண்ணாடித் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. பழைய கோணிப்பையோ ஃப்ளெக்ஸ் பேனரோ விரிச்சு (தலைவர் முகம் கீழ்ப்பக்கம் இருக்கட்டும், வம்பு வேண்டாம்), மேலே தடிமனான தார்ப்பாலின் ஷீட். நீளத்துக்கு ரெண்டு பக்க ஆழத்தையும் கூட்டி, ஓரத்துல புதைக்க ஒவ்வொரு பக்கமும் ஒரு அடி சேர்த்தா, நம்ம குளத்துக்கு 18-க்கு 14 அடி ஷீட். ஓரத்துல ஒரு வழிந்தோடும் பைப், அதோட வாய்க்குக் கொசுவலை கட்டாயம். 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா இந்தக் குளத்துல மட்டும் 560 லிட்டர் விழும். 2015 நவம்பர்ல கடலூர் மாவட்டம் வாங்கின மழையை நினைச்சுப் பாருங்க. வலை இல்லாத பைப்னா உங்க மீன் பக்கத்து வயல்ல குடியேறிடும்.

ஷீட் பிடிக்கலைன்னா கிணத்து உறை வாங்கி இறக்கி, அடியில பூசிடலாம். ஆனா புது சிமெண்ட்டுல உடனே மீன் விடக் கூடாது. சுண்ணாம்புக் காரம் தண்ணியில இறங்கிட்டே இருக்கும். வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவெச்சு, ரெண்டு மூணு வாரத்துல நாலஞ்சு தடவை தண்ணியை மாத்தறது மீன் பண்ணைக்காரங்களோட பழைய கைவைத்தியம்.

சூட்டைக் காப்பாத்தறதுக்கு மேலே மூங்கில் பத்தையை வில்லா வளைச்சு நட்டு, பாலிதீன் போர்த்தணும். அதுக்கு மேல ஒரு வரிசை கீத்து போட்டா இன்னும் பலமான போர்வை. சாயந்திரம் அஞ்சரைக்கு மூடி, காலையில வெயில் ஏறினதும் எடுத்துடுங்க. ஒரு ஓரத்துல நாலு விரக்கடை இடைவெளி விடுங்க, மீனுக்கும் காத்து வேணும். மார்கழி, தைக்கு மட்டும்தான் இந்த வேலை. பங்குனி பிறந்துட்டா பாலிதீனைக் கழட்டிட்டு, பாதிக் குளத்துக்குக் கீத்துப் பந்தலையோ பச்சை நிற ஷேட் நெட்டையோ போட்டுடணும். தண்ணி சூடானா அதுல கரையற ஆக்ஸிஜன் குறையும்: 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் தாங்கும் தண்ணி, 35 டிகிரியில 7 மில்லிகிராம்தான் தாங்கும். நம்ம ஊர்ல மார்கழிக்குத் தப்பிச்ச மீன் கத்திரி வெயில்ல மாட்டிக்கறது சகஜம்.

கரண்ட் போனா?

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்த அது, மாவட்டத்தையே புரட்டிப் போட்டுச்சு. பல கிராமங்கள்ல நாள் கணக்கா, சில இடங்கள்ல வாரக் கணக்கா கரண்ட் இல்லை. தேதியைக் கவனிச்சீங்களா? மார்கழி நடுவுல! ஹீட்டரையும் ஏரேட்டரையும் மட்டும் நம்பி மீன் நெருக்கமா விட்ட குளம் அந்த மாதிரி நேரத்துல என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. அதனால என்னோட கட்சி இதுதான்: பிளக்கைப் பிடுங்கிட்டு ரெண்டு நாள் விட்டாலும் தாங்கற மாதிரி குளத்தை அமையுங்க. மீன் கம்மி, தண்ணி நிறைய, போர்வை பலமா.

அப்போ ஹீட்டரே வேண்டாமான்னா, ஒரு இடத்துல வேணும். நோய் வந்த மீனுக்கும், குளிர்ல பிறந்த குஞ்சுகளுக்கும் ஒரு 100 லிட்டர் கண்ணாடித் தொட்டியைத் தனியா வீட்டுக்குள்ள வெச்சுக்கோங்க. லிட்டருக்கு ஒரு வாட் கணக்குல, தெர்மோஸ்டாட் உள்ள 100 வாட் ஹீட்டர் போதும். வெள்ளைப்புள்ளி வந்த கப்பி, மோலியை அதுல விட்டு, மெதுவா ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு டிகிரியா 30 வரைக்கும் ஏத்தி, லிட்டருக்கு 2-3 கிராம் கல்லுப்பு கரைச்சு விடுவாங்க.

இந்த இடத்துல விளையாட்டை ஓரம் வெச்சுட்டுச் சொல்றேன். வாளியில வெந்நி போடற காயில் ஹீட்டரைத் தொட்டியிலயோ குளத்துலயோ எக்காரணம் கொண்டும் போடாதீங்க. ஈரத் தரை, வெறுங்கால், ஒட்டுப்போட்ட வயர்... உயிர் போற காம்பினேஷன் அது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே டிரிப் ஆகிற ஆர்.சி.சி.பி. இல்லாம கொல்லைக்கு லைன் இழுக்கக் கூடாது. தண்ணியில கையை விடறதுக்கு முன்னாடி பிளக்கை எடுத்திருக்கணும். சின்னப் பசங்க இருக்கிற வீடுன்னா குளத்தைச் சுத்தி வேலியோ மேலே வலையோ இல்லாம தண்ணியே ரொப்பாதீங்க.

பிஸ்கட் வாங்கலையோ பிஸ்கட்!

குளத்துத் தண்ணி சுத்தமா இருக்கணும்னா பாக்டீரியா வேணும். மீன் கழிவுல வர்ற அமோனியா விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும், இது அவ்வளவு மோசம் இல்லை. செடிகளுக்கு அதுவே சாப்பாடு. இந்த பாக்டீரியா கூட்டம் குடியேறி செட் ஆக நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். அதுக்குள்ள ஆசைப்பட்டு அம்பது மீன் விட்டா கோவிந்தாதான். முதல் மாசம் பத்து கப்பி போதும்.

பாக்டீரியாவுக்கு வீடு? அக்வாரியம் கடையில ‘செராமிக் ரிங்’னு டப்பாவுல அடைச்சு விக்கறது வேற ஒண்ணும் இல்லை, நுண்துளை உள்ள சுட்ட மண். விருத்தாசலம் பீங்கான் பட்டறைகள்ல முதல் சூளையில சுட்டு, கிளேஸ் போடறதுக்கு முன்னாடி இருக்கிற உருப்படிக்கு ‘பிஸ்கட்’னு பேரு. உடைஞ்ச பிஸ்கட் துண்டு கேட்டு வாங்கி, நல்லா கழுவி, அடியில ஓட்டை போட்ட 20 லிட்டர் பக்கெட்ல நிரப்புங்க. சின்ன 18 வாட் பம்ப் வெச்சுக் குளத்துத் தண்ணியை அதுக்குள்ள விட்டு வழிய விட்டா ஃபில்டர் ரெடி. ராப்பகலா ஓடினாலும் ரெண்டு மாசத்துக்கு 26 யூனிட்தான். பெயின்ட் அடிச்சது, கிளேஸ் போட்டது மட்டும் வேண்டாம், அதுல இருக்கிற ரசாயனம் தண்ணியில இறங்கலாம்.

பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணின்னா குளோரின் போக ஒரு ரெண்டு நாள் வெயில்ல நிக்கட்டும். போர் தண்ணியில குளோரின் இல்லை, ஆனா ஆக்ஸிஜனும் கம்மி, இரும்புச் சத்தும் இருக்கலாம். உயரத்திலிருந்து கொட்டவிட்டுப் பிடிச்சு, ஒரு ராத்திரி வெச்சு ஊத்துங்க. மார்கழி காலையில குளம் ரொம்பக் குளிர்ந்துட்டா, நேரா போர்லேர்ந்து வர்ற வெதுவெதுப்பான தண்ணியை ஷவர் மாதிரி தூவி, பத்துல ஒரு பங்கு மட்டும் மாத்தறது கிராமத்து எமர்ஜென்சி ஹீட்டர். அந்த நாள்ல சாப்பாட்டைப் பாதியாக்கி, காலையில பத்து மணிக்கு மேலே போடுங்க.

கொளத்தூர் கதை

‘பின்கட்டுத் தொட்டியில மீன் வளர்த்து என்னத்தைக் கிழிக்கப் போறோம்’னு கேட்கிற மாமாக்களுக்கு ஒரு பதில் இருக்கு: சென்னை கொளத்தூர். வீட்டுப் பின்பக்கத்துலயும் மொட்டை மாடியிலயும் சிமெண்ட் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்க ஆரம்பிச்ச குடும்பங்கள், அந்த ஏரியாவை இந்தியாவோட முக்கியமான வண்ண மீன் சந்தைகள்ல ஒண்ணா மாத்திட்டாங்க. நிலம் விலை ஏற ஏற, பண்ணைகள் பல திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களுக்கு நகர்ந்துடுச்சு. ஒரு வேடிக்கை பாருங்க. 2004-ல வந்த புதிய வீராணம் திட்டத்துல சேத்தியாத்தோப்புலேர்ந்து தண்ணி பம்ப் ஆகி, இருநூறு கி.மீ.க்கு மேல பைப்புல சென்னைக்குப் போகுது. அந்தப் பக்கத்துலேர்ந்து மீன் பாலிதீன் பையில பஸ் ஏறி நம்ம ஊர்க் கடைகளுக்கு வருது. தண்ணி இருக்கிற ஊர்ல மீனும் பிறந்தா யார் வேண்டாம்னா?

வெள்ளாறு கடல்ல கலக்கற பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கு. ‘ஃபைண்டிங் நீமோ’ புகழ் கோமாளி மீனையே அங்கே பொரிக்க வெச்சிருக்காங்க. சேத்தியாத்தோப்புலேர்ந்து பைக்ல போயிட்டு வர்ற தூரம்தான். ஜுவாலஜி பசங்க டிபார்ட்மென்ட்ல லெட்டர் வாங்கிட்டுப் போய்ப் பார்க்கலாம்.

2020-ல வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல, கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்புக்குன்னே 3 லட்ச ரூபாய் மதிப்புல ஒரு யூனிட் வெச்சாங்க. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 60 சதவீதம் மானியம். நீங்க போற சமயத்துல என்ன திட்டம் ஓடுதுன்னு மாவட்ட மீன்வளத் துறை ஆபீஸ்ல நேரா கேட்டுக்கோங்க. ஆனா முதல் குளத்துலயே பீஸ் கட்டிடலாம்னு கனவு வேண்டாம். கப்பி வளர்க்கறது ஈஸி, கப்பி விக்கறது கஷ்டம். பக்கத்து டவுன் கடைக்காரர் என்ன கலர் கேட்கிறார், வாரத்துக்கு எத்தனை எடுப்பார்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் ரெண்டாவது குளம் வெட்டுங்க.

எந்த மீன்?

கப்பி, பிளாட்டி, வாள்வால், கௌராமி எல்லாம் ஆரம்பத்துக்கு ஓகே. மோலி கொஞ்சம் குளிருக்கு நடுங்கும், ஆனா லேசா உப்புத் தண்ணின்னா குஷியாயிடும். டிஸ்கஸ் பக்கமே போகாதீங்க, அதுக்கு 28-க்குக் கீழே இறங்கினாலே மூஞ்சி சுருங்கும். கோல்டு ஃபிஷ்ஷும் கோயும் குளிர்நாட்டுக் கோஷ்டி, இந்தக் குளத்துல சேர்க்க வேண்டாம். வேலம்பாசியைக் கொத்தாப் போட்டு வையுங்க. கப்பி மாசத்துக்கு ஒரு தடவை குட்டி போடும், பெத்த அம்மாவே முழுங்கப் பார்க்கும், பாசிக்குள்ள ஒளிஞ்சதுதான் பிழைக்கும். கொசுப்புழுவைத் தேடித் தேடித் தின்கிற மீன் இது, டெங்கு சீசன்ல குளத்தைப் பார்க்க வர்ற சுகாதாரத் துறை ஆளுங்களுக்குக் காட்ட ஒரு நல்ல பதில்.

‘டேங்க் கிளீனர்’னு கறுப்பா, தோல் கல்லு மாதிரி ஒரு மீனைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார். வாங்காதீங்க. தென்னமெரிக்க மீன் அது. வீட்டுத் தொட்டியில பெரிசாகி, ‘பாவம்’னு யாரோ ஏரியில விட்டு விட்டு, இன்னிக்குத் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலதுல வலையைக் கிழிச்சிட்டு மீனவர்களை அழ வைக்குது. திங்கவும் ஆள் இல்லை. உங்க குளத்து மீன் எதுவா இருந்தாலும் சரி, காலேஜ் முடிஞ்சு வேலைக்குக் கிளம்பறப்போ வெள்ளாத்துலயோ வீராணத்துலயோ கொண்டு போய் விட்டுடாதீங்க. வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்க, இல்லைன்னா அடுத்த தெரு பிளஸ் டூ பையனுக்குக் கொடுங்க. கூடவே அந்த பாலிதீனையும் மூங்கிலையும் கொடுத்துட்டு, எந்த மாசம் போர்த்தணும்னும் சொல்லிட்டு வாங்க.